எழுபத்தொரு கிலோ பூனை

துரைக்கு நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஒன்றுக்கு வரவில்லை.

துரை என்பது பூனை. கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒருவரின் வீட்டில் வாடகை கொடுக்காமல், வேலை செய்யாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்துவந்தது. பெயர் வைத்தது மூட்டைக்காரரின் மனைவி. "இந்த வீட்டுல ஒருத்தராவது துரை மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லித்தான் வைத்தாள். வேலை முடிந்து வந்து மூட்டைக்காரர் தரையில் மல்லாந்தால், துரை அவர் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். நாள் முழுக்க முதுகில் சுமந்தவருக்கு நெஞ்சில் சுமப்பது ஓய்வாக இருந்தது.

அந்தத் துரை மண் தட்டில் போய் உட்காருவதும், முக்குவதும், ஒன்றும் வராமல் எழுந்து வந்து இவர் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தது. விடிந்ததும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எலுமிச்சம்பழம் போல ஏதோ கெட்டியாக நின்றது. தொட்டபோது துரை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "யாரைப் போட்டு அடிக்கறீங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மூட்டைக்காரர் அன்றைய கூலியை மறந்துவிட்டு, காய்கறிக் கூடையில் துண்டு விரித்துத் துரையைப் படுக்கவைத்து, கண்ணாடிக் கதவு போட்ட பிராணி வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே குளிர் மிஷின் ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கும் காசு உண்டோ என்று தெரியாததால் நின்றுகொண்டே இருந்தார். டாக்டரம்மா நல்ல மாதிரி. துரையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூத்திரம் போற வழி அடைச்சிருக்கு. மயக்கம் குடுத்து, டியூப் போட்டு எடுக்கணும். இன்னிக்கே எடுக்கணும். சாயங்காலத்தைத் தாண்டினா கஷ்டம்" என்றார்.

"கஷ்டம்னா?"

"செத்துடும்."

எவ்வளவு ஆகும் என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னார். மூட்டைக்காரர் தன்னை அறியாமல் கூடையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார், கீழே வைத்தால் தரைவாடகையும் சேர்ந்துவிடும் என்பது போல. டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "அரசாங்க கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க எல்லாம் இலவசம். சீக்கிரம் போங்க."

இலவசம் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் சீக்கிரம் என்ற வார்த்தை வந்து நிற்பதை மூட்டைக்காரர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

அரசாங்க கால்நடை ஆஸ்பத்திரி பெரிய கட்டடம். முகப்பில் மாடு, குதிரை, ஆடு, நாய், பூனை, கோழி எல்லாம் ஒன்றாக நின்று சிரிக்கிற மாதிரி படம் எழுதி, கீழே 'எமக்கு எல்லா உயிரும் ஒரே எடை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மூட்டைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். நெஞ்சுக்கு ஆறுதலாக இருந்தது. அது அழகுக்கு எழுதிய வாசகம் அல்ல, நடைமுறையே அதுதான் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போனதும் எடை. தரையோடு பதித்த இரும்பு மேடை, மாடு ஏறி நிற்பதற்காகச் செய்தது. பக்கத்தில் சுவர்க் கடிகாரம் போல வட்ட முகப்பும் ஒரு முள்ளும். முள்ளுக்கு எதிரில் நாற்காலி போட்டு எடை அலுவலர் உட்கார்ந்திருந்தார். முள் காட்டுவதை உரக்கப் படிப்பது ஒரு வேலை. படித்ததைச் சீட்டில் எழுதுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஆள் அவர் ஒருவரே என்பதால், உரக்கக் கூவிவிட்டு, தான் கூவியதைத் தானே காது கொடுத்துக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மூட்டைக்காரர் துரையை எடுத்து மேடையின் நடுவில் வைத்தார். முள் அசையவில்லை.

"பிராணியை ஏத்துங்க" என்றார் எடை அலுவலர்.

"ஏத்திட்டேங்க."

"வரலையே."

"அதோ இருக்குதுங்களே, கறுப்பா."

"அங்கெல்லாம் நான் பார்க்கக் கூடாது. நான் பார்க்க வேண்டியது முள்ளு. முள்ளுல பிராணி இல்ல." அவர் கோபப்படவில்லை. பல பேருக்குச் சொல்லிப் பழகிய குரல். "இந்த மிஷின் இருபது கிலோவுக்கு மேலதான் வாயைத் திறக்கும்."

"அப்ப பூனைக்கெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?"

"பூஜ்யம்னு எழுதிக் குடுப்போம். மருந்து எடைக்குத் தகுந்த மாதிரி. பூஜ்யத்துக்கு எவ்வளவு வருதோ அதை வாங்கிட்டுப் போகலாம். போன வாரம்கூட ஒருத்தர் கோழிக்கு வாங்கிட்டுப் போனார்."

"கோழி பொழைச்சுதுங்களா?"

"புகார் ஒண்ணும் வரலை."

வரிசையில் பின்னால் ஒரு பால்காரர் எருமையோடு நின்றிருந்தார். அந்த எருமை மூட்டைக்காரரின் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "அண்ணே, பூனையைத் தூக்கிக்கிட்டு நீங்களே ஏறிடுங்களேன்" என்றார் பால்காரர். "என் எருமைக்குக் கால்ல புண்ணு. எவ்வளவு நேரம் இந்தத் தர்க்கத்தைக் கேட்டுட்டு நிக்கும்?"

மூட்டைக்காரர் துரையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். முள் துள்ளிக் குதித்து நின்றது.

"எழுபத்தொண்ணு!" எடை அலுவலர் முகம் மலர்ந்து கூவினார். கேட்டு எழுதினார். பூனை, ஆண், கறுப்பு, எழுபத்தொரு கிலோ.

"சார், அதுல நானும் இருக்கேனே. என் எடையைக் கழிச்சுட்டு எழுதினா..."

எடை அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "கழிக்கிறது இங்க கிடையாதுங்க. இது எடைப் பிரிவு. கழிக்கிறது கணக்குப் பிரிவு, மாடியில. எழுதிப் போட்டா அவங்க கழிச்சு, சரிபார்த்து, கீழ அனுப்புவாங்க. ஒரு கன்னுக்குட்டிக்கு எழுதிப் போட்டோம்."

"வந்துதுங்களா?"

"இன்னும் வரலை. அதுக்குள்ள அதுவே ஒரு கன்னு போட்டுடுச்சு."

எடை போட்ட பிராணியின் முதுகில் நீல மையால் முத்திரை குத்த வேண்டும் என்று விதி. அந்த முத்திரைக்குத் துரையின் முதுகில் இடம் போதவில்லை. எடை அலுவலர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு, மேடையில் இருந்த முதுகுகளில் அகலமானதைத் தேர்ந்தெடுத்து மூட்டைக்காரரின் சட்டையின் மேல் ஓங்கிக் குத்தினார். முத்திரை குத்திய மூட்டைகளைத் தூக்கியே தேய்ந்த முதுகு அது. குத்துப்பட்டால் மூட்டைக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. கொஞ்சம் ஜில்லென்று இருந்தது.

பெரிய பிராணிப் பிரிவுக்குப் போகிற வழியில் சின்னப் பிராணிப் பிரிவு இருந்தது. சுத்தமான மேஜை, மேலே விளக்கு, கைகட்டி உட்கார்ந்திருந்த இரண்டு டாக்டர்கள். மூட்டைக்காரர் ஆசையோடு எட்டிப் பார்த்துச் சீட்டை நீட்டினார். அவர்கள் படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்கள்.

"இருபது கிலோவுக்குள்ள இருந்தாத்தான் எங்ககிட்ட வரணும்."

"இருபதுக்குள்ள இருந்தா முள்ளே அசையலீங்களே."

"அதனாலதான் எங்களுக்கு யாருமே வர்றதில்ல" என்றார் ஒருவர். அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

பெரிய பிராணிப் பிரிவு தகரக் கூரை போட்ட கொட்டகை. நடுவில், மாட்டை அசையாமல் நிறுத்துவதற்கான இரும்புச் சட்டம். அங்கே பெரிய டாக்டர் முழங்கால் வரை பூட்சும் தோள் வரை உறையுமாக நின்றிருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார்.

"எழுபத்தொரு கிலோ பூனை. புலியா?"

"பூனைங்க."

"சிறுத்தை?"

"பூனைதாங்க சார். இதோ பாருங்க."

டாக்டர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு பூனையை நான் பார்த்ததே இல்ல" என்றார். அப்போதும் பார்க்கவில்லை.

தலை நரைத்த கம்பவுண்டர் ஒருவர் வந்து, துரையோடு சேர்த்து மூட்டைக்காரரைச் சட்டத்துக்குள் நிறுத்தி, முன்னும் பின்னும் குறுக்குக் கம்பியைத் தள்ளினார். "பயப்படாதீங்க. உதைக்கிற பிராணிக்கு மட்டும்தான் கால்கட்டு. நீங்க உதைக்க மாட்டீங்கல்ல?"

"இதுவரைக்கும் உதைச்சதில்லீங்க."

"எப்ப இருந்து ஒண்ணுக்குப் போகலை?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்துச் சாயங்காலத்துல இருந்துங்க."

டாக்டர் திடுக்கிட்டு, சீட்டைப் பார்த்தபடியே கம்பவுண்டரைக் கேட்டார். "யாரு பேசறது?"

"உள்ள இருக்கிறது பேசுதுங்க சார்."

"நோயாளி சொல்றதை எழுத முடியாது. நோயாளி பேசாதுங்கறதுதான் பிராணி வைத்தியத்துக்கு அடிப்படை. அதுக்காகத்தான் நான் இந்தப் படிப்பே எடுத்தேன். உரிமையாளர் எங்க?"

"நான்தாங்க உரிமையாளர்."

"நீ எடையில இருக்கே. எடையில இருக்கிறது நோயாளி. எடைக்கு வெளியில நிக்கிறவர்தான் உரிமையாளர். உன்னை யார் ஓட்டிட்டு வந்தது?"

"நானேதாங்க வந்தேன்."

"ஓட்டிட்டு வர ஆள் இல்ல. தானா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதினார். "அப்ப தெருப் பிராணி. தெருப் பிராணின்னா முதல்ல கருத்தடை. மத்த வைத்தியமெல்லாம் அதுக்கு அப்புறம். கம்பவுண்டர், அந்தக் கத்தியை வெந்நீர்ல போடுங்க."

மூட்டைக்காரர் கம்பிகளுக்கு நடுவில் முழங்கையை மடக்கிச் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தார். அவர் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் பித்தான் தைக்கிற வேலையில் இருந்தாள். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"துரைக்கு எப்படி இருக்கு? எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில. உள்ள போட்டு அடைச்சு வச்சிருக்காங்க."

"துரையையா?"

"என்னையும்தான்."

"எவ்வளவு கேக்கறாங்க?"

"காசு கேக்கலை. உரிமையாளரைக் கேக்கறாங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் இரைந்தன. "அது நான்தானே?" என்றாள்.

"அதுக்குத்தான் கூப்பிடறேன். சீக்கிரம் வா. கத்தியை வெந்நீர்ல போட்டுட்டாங்க."

அவள் வருவதற்குள் துரை கத்துவதை நிறுத்திவிட்டது. மூட்டைக்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்துகிறவரைக்கும் வலி இருக்கிறது, வலி இருக்கிறவரைக்கும் உயிர் இருக்கிறது என்று ஒரு தைரியம் இருந்தது. இப்போது கை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஈரச் சாக்கு மாதிரி தொய்ந்து கிடந்தது.

மனைவி தலையெல்லாம் நூல் துணுக்குகளோடு ஓடி வந்தாள். கம்பிக்குள் கையை விட்டுத் துரையின் காதைத் தொட்டாள். "சில்லுன்னு இருக்கே!" என்று பதறினாள். அதற்குப் பிறகுதான் புருஷனைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "உங்களுக்கென்ன, நிழல்ல நிக்கறீங்க" என்றாள்.

"பிராணி உங்களோடதா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க ஐயா. கொஞ்சம் சீக்கிரம்..."

"எவ்வளவு காலமா வளர்க்கறீங்க?"

அவள் ஒரு கணம் குழம்பினாள். டாக்டரின் பேனா மூட்டைக்காரரைச் சுட்டிக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று புரிந்துகொள்கிற ரகம். "கல்யாணம் ஆனதுல இருந்துங்க."

"கடிக்குமா?"

"கடிக்காதுங்க. முறைக்கும்."

"தீனி?"

"போட்டதைத் தின்னும். நல்லா இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"கூப்பிட்டா வருமா?"

"மூணாவது தடவைக்கு வரும்."

"ஏய், பூனையைப் பத்திச் சொல்லுடி" என்றார் மூட்டைக்காரர் உள்ளேயிருந்து.

"நோயாளி பேசக் கூடாது!" என்றார் டாக்டர்.

"கேட்டீங்கல்ல? அரசாங்கமே சொல்லுது" என்றாள் மனைவி.

"ஏதாவது வேலை செய்யுமா, சும்மா வளர்க்கறதா?"

"மூட்டை தூக்குங்க."

டாக்டரின் பேனா நின்றது. அன்றைக்கு முதல்முறையாக அவர் தலையைத் தூக்கினார். "சுமை தூக்குமா? அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

விஷயம் இதுதான். சுமை தூக்குகிற பிராணிகளுக்கென்று அந்த ஆஸ்பத்திரியில் 'உழைக்கும் உயிருக்கு உடனடி உதவி' என்று ஒரு திட்டம் இருந்தது. இயக்குநரே யோசித்துக் கொண்டுவந்தது. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பிராணியும் வரவில்லை. வண்டி மாடுகளின் வேலையை லாரி எடுத்துக்கொண்டிருந்தது, லாரிக்கு மேலே ஏற்றுகிற வேலையை மூட்டைக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் முதல் பயனாளி வந்தால், இயக்குநர் நேரில் வந்து தொடங்கிவைத்த பிறகுதான் உடனடி உதவி செய்ய வேண்டும் என்று உத்தரவு.

இயக்குநரைக் கூப்பிட ஆள் போயிற்று. அவர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிந்து, முகம் கழுவி, படம் எடுக்கிறவரைத் தேடிப்பிடித்து அவர் வந்து சேர்ந்தபோது வெயில் கொட்டகையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வந்திருந்தது. மனைவி அவர் காலில் விழாத குறையாக, "ஐயா, முதல்ல ஊசியைப் போடச் சொல்லுங்க, அப்புறம் எவ்வளவு வேணா பேசுங்க" என்றாள்.

"உங்க அவசரம் எனக்குப் புரியுதும்மா" என்றார் இயக்குநர். "அதனாலதான் சுருக்கமாப் பேசப்போறேன்."

கேட்பதற்குப் பால்காரர், எருமை, சின்னப் பிராணிப் பிரிவின் இரண்டு டாக்டர்கள், கம்பவுண்டர் ஆகியோர் நின்றார்கள். இயக்குநர் ஒரு கையைச் சட்டத்தின் கம்பியில் வைத்துக்கொண்டார்.

"நண்பர்களே! இந்த உலகத்தைத் தூக்கி நிறுத்தறது யாரு? சுமை தூக்கற பிராணி. வாயில்லாத ஜீவன். ஏன்னு கேக்காது. கூட்டம் சேர்க்காது. சாயங்காலம் ஆனா கூலிக்குக் கை நீட்டாது. அதனாலதான் அது மேல எங்களுக்கு இவ்வளவு கருணை! கருணைங்கறது கேக்காதவங்களுக்குக் குடுக்கறது. கேக்கறவங்களுக்குக் குடுத்தா அதுக்குப் பேரு செலவு."

இரண்டு டாக்டர்களும் கைதட்டினார்கள். எருமை வாலை ஆட்டியது.

"எங்க திட்டத்துல இந்த ஜீவனுக்கு என்னென்ன உரிமை தெரியுமா? மத்தியானம் ஓய்வு. நிக்க நிழல். குடிக்கத் தண்ணி. முதுகு தாங்கற அளவுக்குத்தான் சுமை. உடம்பு சரியில்லாமப் போனா பத்து நாளைக்கு வேலை வாங்கக் கூடாது. மீறி வாங்கினா ஜெயில்!"

மூட்டைக்காரர் தன்னை மறந்துவிட்டார். "இதெல்லாம் மனுஷனுக்கும் உண்டுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

இயக்குநர் அக்கம்பக்கம் பார்த்தார். "யாரது?"

"பிராணிங்க சார்" என்றார் கம்பவுண்டர்.

இயக்குநரின் முகம் கனிந்தது. கம்பிகளுக்கு நடுவில் கையை நீட்டி மூட்டைக்காரரின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். "அது வேற துறைப்பா" என்றார் அன்போடு. படம் எடுக்கிறவர் அந்த நேரம் பார்த்து எடுத்தார்.

திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கம்பவுண்டர் மயக்க மருந்து நிரப்பிய ஊசியோடு வந்தார். அதைப் பார்த்ததும் மனைவி, கையில் எடுத்து வைத்திருந்த துரையின் காலிக் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். எருமைக்குப் போடுகிற ஊசி. எழுபத்தொரு கிலோவுக்கு அளந்து, கழுத்து வரை நிரப்பியிருந்தார்கள். அவ்வளவும் துரைக்குள் போனால் துரை மயங்காது, போய்ச் சேர்ந்துவிடும்.

"ஐயா, அது இத்தனூண்டு பூனைங்க! நீங்களே பாருங்களேன்!"

இந்த முறை டாக்டர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது, பிறகு திரும்பவும் சீட்டுக்குப் போய்விட்டது. "நான் என்னம்மா பண்றது? சீட்டுல எழுபத்தொண்ணு இருக்கு. குறைச்சுப் போட்டா மீதி மருந்தை நான் வித்துட்டேன்னு தணிக்கையில எழுதுவாங்க. எழுதின மருந்து நோயாளி உடம்புக்குள்ள போயாகணும்."

"உடம்புதானே?" என்றது உள்ளே இருந்தது. மூட்டைக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நானும் அந்த எழுபத்தொண்ணுல இருக்கேன்ல? துரைக்கு ஒரு சொட்டு போடுங்க. மீதியை எனக்கு ஏத்துங்க."

"நோயாளி பேசக் கூடாது!"

"நான் சொல்றேன்யா" என்றாள் மனைவி. "நான் உரிமையாளர்தானே? ஊசியை என் பிராணிக்கு எந்த இடத்துல போடணும்னு நான் சொல்லலாமில்ல?"

டாக்டர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் வானத்தைப் பார்த்தார். விதியில் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

கம்பவுண்டர் துரையைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல லேசாகத் தூக்கிப் பார்த்தார். வேறொரு சின்ன ஊசியில் கண் அளவாகக் கொஞ்சம் எடுத்துத் துரைக்குப் போட்டார். பெரிய ஊசியோடு மூட்டைக்காரரின் பின்பக்கம் வந்தார்.

"இவருக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க?" என்று மனைவி அவர் காதோடு கேட்டாள்.

"நல்லாத் தூங்குவாரும்மா."

அவள் கம்பிக்குள் கையை விட்டுப் புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "தூங்கட்டும்" என்றாள். "அது தூங்கி எவ்வளவு நாளாச்சு."

மூட்டைக்காரர் கடைசியாகப் பார்த்தது, கம்பவுண்டரின் நரைத்த தலை துரையின் மேல் குனிந்ததும், அவர் விரல்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய குழாய் மின்னியதும்தான். நின்றபடியே தூங்குவது அவருக்குப் புதிதல்ல. விழாமல் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்ததுதான் புதிது.

கண் விழித்தபோது யாரோ முகத்தை நக்கினார்கள். எருமை. அதன் காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். பால்காரர், "வந்துடுச்சுண்ணே, வந்துடுச்சு!" என்று கத்தினார். மனைவி துரையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். துரையின் வால்பக்கத்திலிருந்து குழாய் தொங்கியது. அதன் நுனியில் ஒரு புட்டி. புட்டியில் கலங்கலாக, ரத்தச் சிவப்பாக அரை டம்ளர்.

"துரை?" என்றார் மூட்டைக்காரர்.

"மூச்சு விடுது. மூக்கு ஈரமாயிடுச்சு. நீங்க பேசாதீங்க, டாக்டர் இருக்கார்."

டாக்டர் முகம் தெளியவில்லை. பக்கத்தில் ஒரு இரும்பு வாளி இருந்தது. "எழுபத்தொரு கிலோ பிராணிக்கு இந்த நேரத்துக்கு வர வேண்டிய அளவு வரலை" என்றார். "அரை டம்ளர்தான் வந்திருக்கு. இப்படி எழுதினா அடைப்பு நீங்கலைன்னு ஆகும். நீங்கலைன்னா வெளிய விட முடியாது."

கம்பவுண்டர் வாளியைப் பார்த்தார். மனைவி மூட்டைக்காரரைப் பார்த்தாள். அவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை. கம்பவுண்டர் வாளியைச் சட்டத்துக்குள் தள்ளினார். பால்காரர் எருமையைத் திருப்பிக்கொண்டார். மனைவி கூரையில் எத்தனை ஓட்டை என்று பார்க்க ஆரம்பித்தாள்.

துரைக்காக மூட்டைக்காரர் எதை வேண்டுமானாலும் செய்வார். செய்தார்.

டாக்டர் வாளியை எட்டிப் பார்த்து, மனநிறைவோடு எழுதினார். 'அடைப்பு முழுமையாக நீங்கியது. பிராணி நலம்.'

கம்பவுண்டர் வாசல் வரை வந்தார். "குழாய் ரெண்டு நாள் இருக்கட்டும். நான் சைக்கிள்ல வேலைக்கு வர்ற வழிதான், வந்து எடுத்துவிடறேன். எடுத்த பிறகு தானாப் போகணும்மா. போச்சுன்னா பொழைச்சுது. போகலைன்னா..."

மூன்றாம் நாள் விடிகாலையில் வந்து எடுத்துவிட்டும் போனார். அதிலிருந்து மூட்டைக்காரர் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சின் மேல் துரை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண் தட்டு மூலையில் காய்ந்து கிடந்தது. வெயில் ஏறியும் அப்படியே கிடந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கிடங்கு மேலாளர்.

"எங்கம்மா உன் வீட்டுக்காரர்? ரெண்டு லாரி நிக்குது, அவர் பாட்டுக்கு வராம இருந்தா எப்படி?"

மனைவி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். மேலாளர் வாசலில் நின்றபடியே படித்தார். "சுமை தூக்கும் பிராணி, எழுபத்தொரு கிலோ, பத்து நாள் ஓய்வு. மீறி வேலை வாங்குபவர்..." அடுத்த வார்த்தையை அவர் மனசுக்குள் படித்துக்கொண்டார். முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மை நிஜம்.

"இது பூனைக்குக் குடுத்த சீட்டும்மா."

"பூனை மூட்டை தூக்குமாங்க?"

"தூக்காது."

"அப்ப யாருக்குன்னு நீங்களே பாருங்க."

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மனுஷனுக்கு லீவு கேட்டிருந்தா முடியாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன். பிராணின்னா கேஸ் ஆயிடுமே. ஏம்மா என்னை இப்படி மாட்டிவிடறே? சரி, அவரைக் கூப்பிடு, நான் பேசிக்கறேன்."

"அது பேசக் கூடாதுங்க. டாக்டர் சொல்லியிருக்கார்."

உள்ளே மூட்டைக்காரர் பழக்க தோஷத்தில் "இதோ வந்துட்டேங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் துரை அவர் நெஞ்சிலிருந்து இறங்கியது. உடம்பை நீட்டி நெளிந்தது. மெல்ல நடந்து மூலைக்குப் போய், தட்டில் ஏறி, மண்ணைப் பறித்தது. திரும்பி நின்று, வேறு இடத்தில் பறித்தது. உட்கார்ந்தது.

மூட்டைக்காரர் திறந்த வாயை மூட மறந்துவிட்டார். மண் பறிக்கிற சத்தம் கேட்டு, மனைவி வாசலில் நின்றபடியே மேலாளரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மேலாளர் ஏதோ சொல்ல வந்தவர் நின்றுவிட்டார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. மெலிதாக, விட்டுவிட்டு ஆரம்பித்து, பிறகு விடாமல், அவசரமே இல்லாமல், நீண்டுகொண்டே போயிற்று. மனைவி கண்ணை மூடிக்கொண்டு நிலைக்கதவில் சாய்ந்தாள்.

"என்னம்மா சத்தம் அது?" என்றார் மேலாளர்.

"துரை வேலையா இருக்காரு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "முடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன். போயிட்டு வாங்க."